கணக்கரும் கட்டணமும்

(திருவரங்கத்திற் கூடிய நம் சங்கத்துத் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுதற்கு எனக்கு அளிக்கப்பட்ட பொருள் கணக்கரும் அவர்க்குரிய கட்டணமும் என்பது. தமிழாசிரியனுக்குக் கணக்கரைப் பற்றி என்ன தெரியும் என்று உங்களிற் சிலர் எண்ணுதல் கூடும். செயலாளர் என்னிடம் வந்து கேட்டபொழுது யானும் அவ்வாறே எண்ணினேன். ஆயினும் நம் முன்னோர் ஆசிரியரைக் 'கணக்காயர்' என்றே வழங்கினர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரை இங்குள்ள பள்ளிச் சிறுவரும் அறிவர். எண்ணுக்கும் எழுத்துக்கும் நூலுக்கும் கணக்கு என்பது பொதுப் பெயராய் நின்றது. பதினெண்கீழ்க்கணக்கு என்னும் தொகைப் பெயரில் அது நூல் என்னும் பொருளதே. ஆகவே கணக்காயரும் கணக்கரும் ஒரு சொல்லிற் பிறந்த உறவினர். அவ்வுறவின் உரிமை பற்றியே பேசத் துணிந்தேன். மற்றொரு காரணமும் உண்டு. அது எனக்குப் பெருமை தருவதன்று. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் நம் நாட்டுப் பழைய வழக்கம் ஒன்றைக் காண்போம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், ஊர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறையைக் கல்லில் வெட்டி வைத்தனர். குடவோலை முறை என்று பாடப் புத்தகங்களிற் படித்திருப்பீர்கள். குடத்தில் இடும் ஓலையிற் பெயர் எழுதத் தகாதவர் இன்னார் இன்னார் என்று கூறுமிடத்து, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரையும் அக்கல்வெட்டுச் சேர்த்துள்ளது. அவரோடு அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். ஒருவன் மறைத்த கணக்கு அவன் சுற்றத்தையும் சுட்டது என்பது இதனாற் புலனாகும்.

கணக்கெழுதுவோனுக்கும் அங்கே விதி உண்டு. நேரிய வழியிற் பொருளீட்டியவனே கணக்கெழுதுதற்கு உரியன். தான் எழுதிய கணக்கைச் சபைப் பெரியோர் முன் ஒப்பித்துத் தூயவன் எனப் பெயர் பெற்ற பின்னரே அவனை மீண்டும் அத்தொழிலில் அமர்த்தலாம். ஒருவன் எழுதிய கணக்கை அவனே முடித்துக் காட்ட வேண்டும். இடையில் வேறொருவன் புகுந்து முடித்தல் ஆகாது. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் நம்மவர் கண்ட இவ்விதிகளின் கருத்து ஒன்றே. கணக்கு என்பது எழுதியவனையும் எழுதுவித்தவனையும் விட்டு நீங்காத பொறுப்பு.

அவ்வளவு தொலைவு போவானேன்? நாள்தோறும் நாம் வலம் வரும் திருவரங்கம் பெரிய கோயிலின் மதில்களைப் பாருங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் என்னும் வரிசையில் 24ஆம் தொகுதி முழுவதும் இக்கோயிற் கல்வெட்டுக்களே. அவற்றுட் பல 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்ற முதற் குலோத்துங்கன் காலத்தன. நிலம் கொடுத்தவர் யார், பொன் கொடுத்தவர் யார், அதனால் நடக்க வேண்டிய அறம் யாது என்று வெயிலும் மழையும் படும் இடத்தில் எழுதி வைத்தார்கள். யாவரும் படிக்கலாம் என்று எழுதிய கணக்கிற் பொய் புகுதல் அரிது.

இனி, இக்காலத்துக்கு வருவோம். வருமான வரி என்பது இந்நாட்டிற் புகுந்தது 1860ஆம் ஆண்டில். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் நேர்ந்த செலவை ஈடு செய்தற்கு ஜேம்ஸ் வில்ஸன் என்பவர் அதனைக் கொணர்ந்தார். சென்னை மாகாணத்து ஆளுநராய் இருந்த சர் சார்லஸ் டிரெவெலியன் அதனை வெளிப்படையாக மறுத்துரைத்தமையால் அப்பதவியினின்றும் திருப்பி அழைக்கப்பட்டார். அதன்பின் 1922ஆம் ஆண்டுச் சட்டமும் 1961ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. வரிச் சட்டம் பெருகப் பெருக, அதனைக் கற்று நமக்கு வழி காட்டும் தொழிலாளரும் இன்றியமையாதவர் ஆயினர். அவர்களுக்கெனப் பட்டயக் கணக்கர் சட்டம் 1949ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மக்கள் வழக்கில் அவரை 'ஆடிட்டர்' என்கிறோம்.

அச்சட்டத்தில் ஒரு விதியை நாம் யாவரும் அறிந்திருத்தல் நலம். பட்டயக் கணக்கர் தம் கட்டணத்தை வாடிக்கையாளர் பெறும் ஆதாயத்தில் இத்தனை பங்கு என்றோ, தம் வேலையால் விளையும் பயனைப் பொறுத்து என்றோ பேசி வாங்குதல் கூடாது. சில விதிவிலக்குகள் நீங்கலாக, அவ்வாறு வாங்குதல் தொழில் ஒழுக்கக் கேடு என்று முதல் அட்டவணையின் பத்தாம் கூற்று கூறுகின்றது. இஃது ஏன் என்று ஒருகால் யானும் வியந்தேன். வேலை பலித்தாற் பங்கு கொடு, பலியாவிட்டால் ஒன்றும் வேண்டா என்பது கேட்பதற்கு எவ்வளவு நியாயமாய் இருக்கின்றது! காவிரிக் கரையிற் பிறந்த நமக்கு வாரமும் பங்கும் புதியன அல்லவே!

ஆனால், வயலில் விளைவது நெல். வரிப் படிவத்தில் விளைவது எழுத்து. நெல்லைப் பெருக்க விரும்பும் வாரக்காரன் உழ வேண்டும், எரு இட வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும். எழுத்தைப் பெருக்க விரும்புவோனுக்கு இவையொன்றும் வேண்டா. ஒரு பொய் போதும். களத்தில் அளக்கும் நாளில் நெல்லின் உண்மை தெரிந்துவிடும். எழுத்தின் உண்மை தெரிய ஓராண்டோ ஈராண்டோ ஆகும். அதற்குள் பங்கு வாங்கியவன் போயிருப்பான். வயலுக்குரியவன் மட்டும் நின்றுகொண்டிருப்பான்.

இதனை யான் நூலிற் படித்துக் கூறவில்லை. முன்னர்க் குறித்த மற்றொரு காரணத்தை இப்பொழுது கூறுகின்றேன்.

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எங்கள் ஆசிரியர் அறைக்கு ஒருவர் வந்தார். பாரம் 16ஐக் கொடுத்தாற் சம்பளத்திற் பிடித்த வரியை மீட்டுத் தருவதாகவும், மீண்ட தொகையிற் பத்தில் ஒரு பங்கு தந்தாற் போதும் என்றும் கூறினார். அதுகாறும் எனக்குப் படிவம் நிரப்பித் தந்தவர் நம் வட்டாரத்து ஆடிட்டர் ஒருவர். அவர் 1,500 ரூபாய் வாங்குவார். ஒரு தாளுக்கு 1,500 ரூபாயா என்று என் மனம் பல நாள் முணுமுணுத்ததுண்டு. அவ்வாண்டு அவரிடம் போகாமற் புதியவரிடம் போனேன்.

கழிவுகள் போக என் வருமானம் 7,50,000 ரூபாய். பழைய முறைப்படி அதற்குரிய வரியும் மேல்வரியும் சேர்ந்து 65,000 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தது. வந்தவர் யான் ஓர் அரசியற் கட்சிக்கு 2,00,000 ரூபாய் நன்கொடை கொடுத்ததாக எழுதினார். எந்தக் கட்சி என்பதும் எனக்குத் தெரியாது. வரி 23,400 ஆகக் குறைந்தது. 41,600 ரூபாய் என் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. எவ்வாறு வந்தது என்று யான் கேட்கவில்லை. கேட்டால் விடை தெரிந்துவிடுமே என்னும் அச்சத்தாற் கேட்கவில்லை. 4,160 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ரசீது இல்லை. மகிழ்ச்சி மிகுதியால் என் தங்கையின் கணவரையும் அவரிடம் அனுப்பினேன்.

2025ஆம் ஆண்டில் வரித்துறையினின்று என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. நீர் கோரிய கழிவு சரிதானா என்று மீண்டும் பார்த்து, தவறாயின் திருத்திக்கொள்க என்பது அதன் கருத்து. படிவம் எழுதியவரின் எண்ணைக் கூப்பிட்டேன். அது வழக்கில் இல்லை. தலை குனிந்து பழைய ஆடிட்டரிடம் சென்றேன். ஏன் போனீர் என்று அவர் கேட்கவில்லை. படிவத்தை முழுதும் படித்துவிட்டு, "வாத்தியாரையா, எழுதியது யாராயினும் ஆகுக, உண்மை என்று உறுதி கூறியவர் நீங்கள்" என்று மட்டும் சொன்னார்.

பின்னர், புதுப்பித்த படிவம் தாக்கல் செய்து தவற்றை நீக்கலாம் என்று வழி கூறினார். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து பன்னிரு திங்களுக்குள் ஆதலின், வரியும் வட்டியும் சேர்ந்த தொகைமேல் 25 விழுக்காடு கூடுதலாகக் கட்ட வேண்டும். 41,600 ரூபாய்க்கு அக்கூடுதல் 10,400. வட்டி சேர்வதற்கு முன்னரே 52,000 ரூபாய் ஆயிற்று. இவ்வேலைக்கு ஆடிட்டர் 2,500 ரூபாய்க்குப் பில் எழுதித் தந்தார். நன்றியால் மேலும் சிறிது கொடுக்க முயன்றேன். "வேலைக்கு உரியதை வாங்கிக்கொண்டேன், மேலே வாங்கினால் நானும் பங்குக்காரன் ஆகிவிடுவேன்" என்று மறுத்துவிட்டார். 1,500 ரூபாய் மிகுதி என்று விலகியவன் ஈற்றில் இழந்தது எவ்வளவு என்பதை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

என் மைத்துனர் நிலை இதனினும் துன்பமானது. அவர் காலந் தாழ்த்தினார். அதற்குள் துறையின் அறிவிப்பு வந்து நடவடிக்கை தொடங்கிவிட்டமையாற் புதுப்பித்த படிவம் என்னும் வழி அவருக்கு அடைபட்டது. வருமானத்தைப் பொய்யாகக் காட்டியது என்று முடிவானால், அதற்குரிய வரியின் இரு மடங்கு தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அவர் வழக்கு இன்னும் முடியவில்லை. என் தங்கை அதுபற்றி இன்றுவரை என்னிடம் ஒரு சொல்லும் கூறினாளில்லை. அச்சொல்லாமையே எனக்குத் தண்டம்.

யான் தனியன் அல்லேன். 2025 ஜூலை 14ஆம் நாள் வரித்துறையினர் நாட்டின் பல இடங்களில் இத்தகைய இடைத்தரகரைச் சோதித்தனர். முன் நடந்த சோதனைகளிற் சான்று கிடைத்த மாநிலங்களுள் நம் தமிழ்நாடும் ஒன்று என்று அறிவித்தனர். வாடகை, மருத்துவம், கல்விக் கடன், நன்கொடை, கட்சி நன்கொடை என்று பொய்க் கழிவுகள் எழுதப்பட்டிருந்தன. அதற்கு முந்திய நான்கு திங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தம் படிவங்களைத் தாமே திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவு பொய்க் கோரிக்கைகளைக் கைவிட்டனர் என்பதும் அவ்வறிவிப்பிற் கண்ட செய்தி. அந்த 40,000 வீடுகளிலும் யாரோ ஒருவர் தலை குனிந்திருப்பார் என்று எண்ணுகின்றேன்.

ஆதலின், கட்டணம் பற்றி யான் கற்ற பாடம் மூன்றினைக் கூறுவேன்.

முதலாவது, வேலைக்கு விலை பேசுங்கள். பயனுக்கு விலை பேசாதீர்கள். எந்த ஆண்டின் படிவம், எந்தக் கணக்குப் புத்தகம், அறிவிப்பு வந்தால் விடை எழுதுதல் இதில் அடங்குமா என்பவற்றை முன்னரே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நம்மவர் பலர் ஜூலைத் திங்களின் கடைசி வாரத்தில் ஒரு துணிப்பை நிறையச் சீட்டுக்களைக் கொண்டுபோய் மேசைமேற் கொட்டி, "பார்த்துச் செய்யுங்கள்" என்பர். பில் வந்தால், "நமக்குள் என்ன பில்?" என்பர். இத்துறையில் உள்ள நம் இளைஞர் பலர் வருந்துவது இது பற்றியே. உறவினர் என்பதற்காக மளிகைக் கடையில் அரிசி இலவசமாகக் கேட்பதில்லை. கணக்கரிடம் மட்டும் கேட்கின்றோம். சம்பளச் சான்று, வங்கி வட்டி, பிடித்த வரியின் விவரம், ஆண்டுத் தகவல் அறிக்கை இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கும் பொழுதுக்கே அக்கட்டணம். ஒரு தாள் என்று யான் எண்ணியது அறியாமை.

இரண்டாவது, அரசுக்குரிய வரியையும் கணக்கருக்குரிய கட்டணத்தையும் ஒரு கையிற் கொடாதீர்கள். வரியை உங்கள் வங்கிக் கணக்கினின்று நீங்களே கட்டி, செலுத்திய சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்துக்குத் தனிப் பில் கேளுங்கள். ஆடிட்டர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராயின் 18 விழுக்காடு வரி பில்லில் தனியே தோன்றும். தொழில் நடத்துவோர், சட்டம் தம்மை வரி பிடிக்கக் கடமைப்படுத்தியிருப்பின், ஓராண்டிற் கொடுக்கும் தொழிற் கட்டணம் 50,000 ரூபாயைக் கடக்குமிடத்துப் பத்து விழுக்காடு பிடித்துக் கட்டல் வேண்டும். இவ்வெல்லை 2025 ஏப்ரல் 1க்கு முன் 30,000 ரூபாயாக இருந்தது.

மூன்றாவது, காலத்திற் கொடுங்கள். துவாக்குடியிலும் திருவெறும்பூரிலும் பெரிய ஆலைகளுக்கு இரும்பு வேலை செய்துதரும் நம் அன்பர்கள், தம் பில்லுக்குப் பணம் வராமல் திங்கட்கணக்கிற் காத்திருக்கும் துன்பத்தை அறிவர். 2023–24ஆம் நிதியாண்டு முதல், குறு, சிறு தொழிலாய்ப் பதிவு பெற்றவர்க்குச் சட்டம் குறித்த நாளுக்குள் பணம் கொடாத வணிகர், கொடுத்து முடிக்கும் ஆண்டு வரையில் அத்தொகையைச் செலவாகக் கழிக்க முடியாது. எழுத்து உடன்பாடு இருப்பினும் 45 நாளே எல்லை. இல்லையேல் 15 நாள். கணக்கர் நிலையமும் அவ்வாறு பதிவு பெற்றிருக்கலாம். நாம் பிறரிடம் வேண்டும் முறையை நம் கணக்கரிடமும் காட்டுதலே நேர்மை.

இனி, வரியைப் பற்றிச் சில சொல்லி முடிப்பேன். பிசிராந்தையார் பாண்டியனுக்குக் கூறிய யானையின் உவமையை 2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அவர்கள் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். அளவறிந்து வாங்கும் இறையே நாட்டுக்கு உணவாகும் என்பது அவ்வுவமையின் கருத்து. வாங்குவோர்க்கு அளவு உண்டெனின் கொடுப்போர்க்கு உண்மை உண்டு.

2025–26ஆம் நிதியாண்டின் வருமானத்துக்குப் புதிய முறையில் முதல் 4 இலட்சத்துக்கு வரியில்லை. 12 இலட்சம் வரையில் உள்ளவர்க்குத் தள்ளுபடியால் வரி முழுதும் நீங்குகின்றது. சம்பளக்காரர்க்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் சேர்தலின் 12,75,000 வரை அந்நிலை உண்டு. பங்கு விற்ற ஆதாயம் போலத் தனி விகிதத்தில் வரி பெறுவனவற்றுக்கு இத்தள்ளுபடி பொருந்தாது. எம்மனோர் பலர்க்குப் பொய்க் கழிவு எழுதும் தேவையே இதனால் ஒழிந்தது. ஆயினும் ஆசை காட்டுவோர் ஒழிவர் என்று சொல்வதற்கில்லை.

1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 அதன் தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டது. 536 பிரிவுகள் கொண்ட அச்சட்டம், முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என நம்மை மயக்கிய இரண்டு பெயரையும் நீக்கி, 'வரி ஆண்டு' என்னும் ஒன்றை வைத்தது. பிரிவு எண்கள் மாறினமையாற் பழைய எண்ணைக் கூறி மருட்டுவோரையும் புதிய எண்ணைக் கூறி மயக்குவோரையும் நம்பாமல், கற்ற கணக்கரைக் கேட்பதே தக்கது.

காந்தி மார்க்கெட்டிலும் பெரிய கடை வீதியிலும் வாணிகம் செய்வோர்க்கு ஒரு சொல். 2025 ஜூலைத் திங்களிற் பெங்களூரில், கைபேசி வழியாக வந்த பணத்தை வைத்துச் சிறு கடைக்காரர் பலர்க்கு ஜி.எஸ்.டி. அறிவிப்பு வந்தது, பலர் அஞ்சிக் கட்டணக் குறியீட்டு அட்டையைக் கழற்றினர். காய்கறிக்கும் பாலுக்கும் வரியில்லை. பொருள் விற்போர்க்கு நம் மாநிலத்தில் ஆண்டு விற்பனை 40 இலட்சமும், சேவை செய்வோர்க்கு 20 இலட்சமும் கடந்தாலே பதிவு கட்டாயம். எது விற்றேன், எவ்வளவு விற்றேன் என்று ஒரு நோட்டில் அன்றன்று எழுதியவனுக்கு அறிவிப்பைக் கண்டு நடுக்கம் இல்லை. அட்டையைக் கழற்றியவனுக்குக் கணக்கும் இல்லை, அமைதியும் இல்லை.

அன்பர்களே! நம் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஜூன் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்மவருள் இத்தொழில் கற்றோர் இம்மண்டபத்தில் அமர்ந்து, விதவைத் தாய்மார்க்கும் ஓய்வூதியம் பெறும் முதியோர்க்கும் படிவத்தைப் படித்துக்காட்ட வேண்டும். அவர்க்குரிய கட்டணத்தைச் சங்க நிதியினின்று கொடுக்க வேண்டும். இலவசமாக வாங்குதல் கூடாது. மற்றொன்று, படிவம் தாக்கலாகும் கணக்கின் கடவுச்சொல்லும் கைபேசி எண்ணும் அவரவர் கையிலேயே இருத்தல் வேண்டும். உறுதி கூறுமுன் ஒருமுறை படியுங்கள். படித்தறிய இயலாதோர் வீட்டுப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கழிவு என்று ஒரு தொகை கண்டால், இது யான் கொடுத்ததா என்று உங்களையே வினவுங்கள். அவ்வொரு வினாவை 2024ஆம் ஆண்டில் யான் வினவியிருந்தால் இன்று என் தங்கை வீட்டுக்குத் தலை நிமிர்ந்து போவேன்.

கணக்காயனாகிய யான் மாணவர்க்குப் பிழை திருத்தும் தொழிலினன். என் பிழையை உங்கள் முன் வைத்தமை, இவ்வவையில் மற்றொருவர் அதனைச் செய்யாதிருத்தற்பொருட்டே. உத்தரமேரூர்ச் சபையார் கணக்குக் காட்டாதவனை விலக்கினர். காட்டித் தூயவன் ஆனவனை மீண்டும் ஏற்றனர். நீங்களும் அவ்வாறே என்னை ஏற்பீர்கள் என்று நம்புகின்றேன்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நேர்மை!